கடைசியாக வந்த சுமைக்காரன்

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூலூஸில் வேலை பார்க்கும் என் பேரன் வீடியோவில் கூப்பிட்டான். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்ற வழக்கமான விசாரணை எதுவும் இல்லை. "தாத்தா, கடைசியில சினூக் வந்துடுச்சு!" என்றான். கல்யாணத்துக்கு வராமல் இழுத்தடித்த உறவுக்காரர் மண்டப வாசலில் வந்து இறங்கினால் நாம் சொல்வோமே, அந்தக் குரல்.

அவன் சொன்னது டி.சி.எஸ். வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டரைப் பற்றி. அதை விளையாட்டு என்று சொன்னால் அவனுக்கு முகம் சுருங்கிவிடும். நிஜ விமானத்தில் எத்தனை பொத்தான் உண்டோ அத்தனையும் அதில் உண்டு. எஞ்சினைக் கிளப்பக் கற்றுக்கொள்ளவே சில நாள் ஆகும். அதில் முதலில் வந்த நவீன ஹெலிகாப்டர் ரஷ்யாவின் கா-50, 2008இல். பிறகு 2013இல் அமெரிக்க ஹியூயியும் ரஷ்ய எம்.ஐ-8உம், 2016இல் பிரெஞ்சு கஸேல், 2021இல் எம்.ஐ-24, 2022இல் அப்பாச்சி. இவற்றில் ஹியூயியும் எம்.ஐ-8உம் ஆட்களையும் சரக்கையும் ஏற்றும், உண்மைதான். ஆனால் பீரங்கியையே கொக்கியில் மாட்டித் தூக்கிக்கொண்டு போகும் பெரிய சுமைக்காரன் என்று பார்த்தால், சினூக் 2024இல்தான் வந்தது. அதுவும் முழுதும் முடியாத நிலையில், முன் வெளியீடாக.

நிஜ சினூக் முதன்முதலில் பறந்தது 1961 செப்டம்பர் 21. நான் அப்போது செத்தியேம் வகுப்பு. செத்தியேம் என்றால் ஏழாவது. ஆனால் உங்கள் கணக்கில் ஐந்தாம் வகுப்பு. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எண் குறையக் குறையத்தான் வகுப்பு ஏறும், இதை விளக்கி விளக்கி எனக்கு வயதாகிவிட்டது. ஹெலிகாப்டரை நாங்கள் எலிகோப்தேர் என்றுதான் சொல்வோம். அந்தச் சொல்லை உண்டாக்கியவரே ஒரு பிரெஞ்சுக்காரர்தான், பொந்தோன் தமேக்கூர், 1861இல். கிரேக்கத்தில் 'ஹெலிக்ஸ்' என்றால் சுருள், 'ப்தெரோன்' என்றால் இறகு. ஆக எலிகோ-ப்தேர் என்று பிரிக்க வேண்டும். எல்லோரும் ஹெலி-காப்டர் என்று தவறான இடத்தில் வெட்டி, இப்போது வெறும் 'காப்டர்' ஆக்கிவிட்டார்கள். போகட்டும்.

சொல் பிறந்து சரியாக நூறு வருடத்தில் சினூக் பறந்துவிட்டது. சிமுலேட்டருக்குள் வர இன்னும் அறுபத்து மூன்று வருடம் பிடித்தது. சுடுகிறவனுக்கெல்லாம் முன்வரிசை, சுமக்கிறவனுக்குக் கடைசி வரிசை. அரசாங்க ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தைந்து வருடம் சரக்கு வரவு, சரக்குச் செலவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது.

எங்கள் வீட்டில் பெரிய ஹெலிகாப்டர் என்றால் அதற்கு ஒரே பெயர்தான்: பனான். என் பெரியப்பா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். 1954 நவம்பர் 1ஆம் தேதி எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. அதே நாள், அதே நவம்பர் 1, அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான விடுதலைப் போர் வெடித்தது. பெரியப்பா அங்கேதான் அனுப்பப்பட்டார். ஊரை விட்டுப் போன பிரான்ஸுக்காக, இன்னொரு ஊர் பிரான்ஸை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

அங்கே பிரெஞ்சு ராணுவம் வைத்திருந்த பெரிய ஹெலிகாப்டர் அமெரிக்கத் தயாரிப்பான எச்-21. பியாசெக்கி என்ற பொறியாளரின் கம்பெனி வடிவமைத்தது. முன்னால் ஒரு விசிறி, பின்னால் ஒரு விசிறி, நடுவில் உடம்பு வாழைப்பழம் போல வளைந்திருக்கும். அதனால் 'பனான் வொலாந்த்', பறக்கும் வாழைப்பழம். கர்னல் கிரெஸ்பேன் என்பவர் தலைமையில் செத்தீஃப் பக்கத்தில் ஒரு பெரிய ஹெலிகாப்டர் பிரிவே இருந்தது. கொரியாவிலேயே ஹெலிகாப்டர் காயம்பட்டவர்களைச் சுமந்திருக்கிறது. ஆனால் மலை உச்சியில் சண்டை நடக்கும்போதே அங்கே துருப்புகளைக் கொண்டுபோய் இறக்குவதைப் பெரிய அளவில் ஒரு முறையாக வளர்த்தது அல்ஜீரியாவில்தான். பின்னால் வியட்நாமில் அமெரிக்கர்கள் செய்ததற்கு இது முன்னோட்டம். 1961 டிசம்பரில் அவர்கள் சைகோனுக்குக் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதும் இதே எச்-21தான்.

பெரியப்பா துப்பாக்கிக்காரர் இல்லை, ஸ்டோர்ஸ். ரொட்டி, தண்ணீர், முள்கம்பி, தோட்டாப் பெட்டி. பனானில் இருபது பேர் ஏறலாம் என்பது ஏட்டுக் கணக்கு. வெயில் ஏறினாலும் மலை ஏறினாலும் காற்று லேசாகிவிடும், விசிறிக்குப் பிடிப்பு குறையும், தூக்கும் எடையும் குறையும். "நாலு தண்ணி டின் ஏத்துனா ஒரு ஆள் இறங்கணும்டா" என்பார். இந்தக் கழித்தல் கணக்கைத்தான் அவர் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், வாழைப்பழம் பறக்கிறது என்றாலே விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் கூடச் சிரிப்பார். ஒரே ஒரு தடவை மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "அந்தச் சத்தம் கேட்டா ஊரே காலியாயிடும்." எந்த ஊர் என்று கேட்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. கேட்கிற வயசு வந்தபோது அவர் இல்லை.

அந்த இரட்டை விசிறிக் குடும்பத்தில் வந்த வாரிசுதான் சினூக். இரண்டு விசிறியும் எதிர் எதிர்த் திசையில் சுற்றுவதால் வாலில் தனியாக ஒரு சின்ன விசிறி வேண்டாம். எஞ்சினின் பலம் முழுக்கத் தூக்குவதற்கே போகும். ஒவ்வொரு விசிறியும் அறுபது அடி விட்டம். ஒன்றின் வட்டத்துக்குள் மற்றொன்றின் இறக்கை புகுந்து புறப்படும், ஆனால் இடிக்காது. நடுவில் ஓடும் ஒரு தண்டு இரண்டையும் இணைத்து வைத்திருக்கிறது. ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது அந்தத் தண்டு வழியாக இரண்டு விசிறியையும் சுற்றும்.

இப்படி ஒரு சுமைக்காரன் இல்லாவிட்டால் போருக்கு என்ன ஆகும் என்பதற்கு 1982இல் ஃபாக்லாந்து தீவுகளில் நடந்ததைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. பிரிட்டன் தன் சினூக்குகளை அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலில் அனுப்பியது. மே 25ஆம் தேதி அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணைகள் அந்தக் கப்பலைத் தாக்கின. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். மூன்று சினூக்குகளும் ஆறு வெஸ்ஸெக்ஸ் ஹெலிகாப்டர்களும் எரிந்து போயின. அந்த நேரத்தில் வானத்தில் இருந்ததால் ஒரே ஒரு சினூக் தப்பியது. அதன் அடையாள எழுத்துகள் பி.என்.; பிராவோ நவம்பர் என்று அழைத்தார்கள்.

விளைவு? ஹெலிகாப்டரில் போயிருக்க வேண்டிய சிப்பாய்கள், முதுகில் மூட்டையோடு, ஈரச் சதுப்பில் தீவின் குறுக்கே நடந்தார்கள். எண்பது கிலோமீட்டருக்கு மேல். அந்த நடை பிரிட்டிஷ் ராணுவத்தில் இன்றைக்கும் பெருமையாகப் பேசப்படுகிறது. ஸ்டோர்ஸ் குமாஸ்தாவின் கண்ணுக்கு அது ஒரு சரக்குக் கப்பல் எரிந்ததன் பாக்கிச் சீட்டு.

தப்பிய அந்த ஒற்றை சினூக்கின் உதிரி பாகங்கள், கருவிகள், கையேடுகள் எல்லாமே கப்பலோடு போயிருந்தன. அப்படியும் ஓட்டினார்கள். ஒரு பனி இரவில் பீரங்கிகளைக் கென்ட் மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, கண் தெரியாமல் தண்ணீரில் மோதி, அதே வேகத்தில் தெறித்து எழும்பி வீடு வந்தது. இன்னொரு பயணத்தில் 81 வீரர்களை ஏற்றியது. உட்கார இடமில்லை, நின்றபடியே போனார்கள். நாற்பது சொச்சம் பேர் ஏறவேண்டிய இடம். நம் ஊர் டவுன் பஸ் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. போகும்போது துருப்பும் குண்டும், வரும்போது காயம்பட்டவர்களும் கைதிகளும். பிற்பாடு ஆப்கானிஸ்தானிலும் வேலை பார்த்தது. 2022இல் ஓய்வு பெற்று இப்போது காஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அதே 1982இல், அமெரிக்காவில் டான் கோர்லின் என்பவர் ஆப்பிள்-2 கணினிக்கு 'சாப்லிஃப்டர்' என்று ஒரு ஹெலிகாப்டர் விளையாட்டு எழுதி வெளியிட்டார். பேரன்தான் இதை எனக்குக் காட்டினான். பணயக்கைதிகள் 64 பேர். ஒரு தடவைக்கு 16 பேர்தான் ஏற முடியும். கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சுடலாம், ஆனால் சுட்டதற்கு மதிப்பெண் கிடையாது. திரையின் மேலே எண்ணிக்கைகள் மட்டும்: செத்தவர், ஏறியவர், மீண்டவர். இறங்கும்போது கவனமில்லாவிட்டால் காப்பாற்ற வந்தவர்களையே நசுக்கிவிடுவோம். ஹெலிகாப்டர் விளையாட்டு பெரிய அளவில் பேர் வாங்கியதே சுமை தூக்கித்தான்! அதற்கப்புறம் 1986இல் 'கன்ஷிப்' வந்தது, தொண்ணூறுகளில் 'கமாஞ்சி', 'லாங்போ' என்று வரிசையாக வந்தன, எல்லாம் பீரங்கி வண்டி வேட்டை. 1997இன் 'லாங்போ 2'இல் துருப்பு ஏற்றும் பிளாக் ஹாக் ஒன்று தலைகாட்டியது. பிறகு அதுவும் நின்றுபோனது.

ஏன் என்று பேரனைக் கேட்டேன். "சுடுறது ஈஸி தாத்தா, சுமக்கிறதுதான் கஷ்டம்" என்றான். யோசித்தால் நியாயம்தான். குண்டு துப்பாக்கியை விட்டுப் போனால் அதற்கும் விமானத்துக்கும் உறவு முடிந்தது. கயிற்றில் தொங்கும் சுமை அப்படியா? அது ஊஞ்சலாடும், ஹெலிகாப்டரையும் சேர்த்து ஆட்டும், ஓட்டுகிறவன் பதறித் திருத்தினால் ஆட்டம் இன்னும் கூடும். உள்ளே ஏற்றிய பெட்டி நாலடி பின்னால் இருந்தால் மூக்கு தூக்கும். இதையெல்லாம் கணக்குப் போட்டு நொடிக்கு நொடி காட்ட வேண்டும். அதோடு இன்னொன்று. சுமந்து போய்ச் சேர்ப்பதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், அந்தக் கற்பனை உலகத்தில் பற்றாக்குறை என்று ஒன்று இருக்க வேண்டும். கிடங்கில் எரிபொருள் தீர வேண்டும், ஏவுகணை தீர வேண்டும், தீர்ந்தால் போர்விமானம் கிளம்பாமல் நிற்க வேண்டும். எல்லாம் எப்போதும் நிரம்பியே இருக்கும் உலகத்தில் சுமைக்காரனுக்கு என்ன வேலை? ரசிகர்கள் தாங்களே நிரல் எழுதி, பெட்டி கொண்டுபோனால்தான் முகாம் எழும்பும் என்பது மாதிரி விதிகளைப் பல வருடமாகச் சேர்த்து விளையாடி வந்திருக்கிறார்கள். அந்தப் பசிதான் சினூக்கைக் கொண்டுவந்து சேர்த்தது என்று நான் நினைக்கிறேன்.

அன்று அவன் ஓட்டியதை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை பெட்டி பயங்கரமாக ஆடியது, பயந்து கயிற்றை அறுத்துவிட்டான். பெட்டி மலைச்சரிவில் போய் விழுந்தது. "பெட்டியில என்னடா இருந்துச்சு?" என்றேன். "தோட்டா தாத்தா." "ரைட்-ஆஃப் யார் கையெழுத்துப் போடுவாங்க?" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் பாதிதான் கிண்டலாகக் கேட்டேன். என் சர்வீஸில் ஒரு மண்ணெண்ணெய் டின் குறைந்ததற்கு மூன்று வருடம் விளக்கம் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது தடவை மெதுவாகப் போனான். கயிற்றை ஆடவிடாமல், அவசரப்படாமல், முகாமின் நடுவில் பூப்போல இறக்கினான். கொக்கி விடுபட்டதும் ஹெலிகாப்டர் லேசாகி ஒரு துள்ளு துள்ளியது. எனக்கே கை தட்டத் தோன்றியது.

"திரும்பும்போது என்ன ஏத்துவே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல தாத்தா. காலியாத்தான் வருவோம்."

பெரியப்பாவின் பனான் ஒருநாளும் காலியாகத் திரும்பியிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் அடுத்த பெட்டிக்குக் கிளம்பிவிட்டான்.