கொழுந்து லொறியும் ‘டொக்’ சத்தமும்

கியரைப் போட்டு கிளச்சை விடும் கணத்தில் வண்டியின் அடியிலிருந்து எழும் ‘டொக்’ என்ற ஒற்றைச் சத்தத்துக்குப் பெரும்பாலும் தேய்மானமே காரணம். இயந்திரத்தின் விசை கியர் பொக்ஸ், புரொப்பெலர் ஷாஃப்ட், டிபரன்சல், அரை அச்சு என்று கைமாறிச் சக்கரத்தை அடைகிறது. இவற்றில் எங்கேனும் ஆட்டம் கண்டுவிட்டால், விசையின் திசை மாறும்போதெல்லாம் இரும்பு இரும்பில் மோதும். சமவெளியில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியில் இது எப்போதாவதுதான் நேரும். இலங்கை மலையகத்தில் லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனைக்கும் அங்கிருந்து டயகமவுக்கும் போகும் பாதையில் வளைவுக்கு வளைவு நேரும். ஏற்றத்தில் இயந்திரம் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் சின்ன கியரில் சக்கரம் இயந்திரத்தைத் தள்ளுகிறது. மலையகக் கராஜ்களில் சத்தத்தைக் கேட்டே பழுதை அறியும் பழக்கம் வேரூன்ற இந்தப் பாதை ஒரு காரணம். உதிரிப்பாகப் பஞ்சம் மற்றொன்று.

இந்தப் பாதைகள் மோட்டார் வண்டிக்காகப் போடப்பட்டவை அல்ல. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை பரவிய காலத்தில், தோட்டத்துச் சரக்கை மாட்டு வண்டிகளே சுமந்தன. ரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபோது இடையில் உள்ள தலவாக்கலை இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வாசலாயிற்று. மாடு இழுக்கக்கூடிய சரிவில் மலையைச் சுற்றிச் சுற்றி வெட்டப்பட்ட கரத்தை (மாட்டு வண்டி) ரோட்டுகளில்தான் பிறகு தேயிலைக் கொழுந்து லொறிகளும் ஏறின. மாட்டு வண்டிக்கு அச்சில் மசகு போட்டால் போதும். லொறிக்கு அது போதவில்லை.

லொறியில் முதலில் தேய்வது பெரும்பாலும் புரொப்பெலர் ஷாஃப்ட்டின் குரொஸ். சிலுவை வடிவிலான இந்த மூட்டின் மூலக் கருத்து 17ஆம் நூற்றாண்டின் ரொபர்ட் ஹூக் காலத்தது. மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி அதை வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர். சாய்ந்த நிலையில் சுழலும்போது ஒற்றை மூட்டு சீரான வேகத்தைக் கடத்தாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள இரண்டாவது மூட்டு அந்தக் குறையைச் சரிசெய்கிறது. இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் பூட்டப்பட்டிருந்தால்தான் இது நடக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றியவர் ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால், சத்தம் போய் அதிர்வு வந்து சேரும்.

1948இல் அறிமுகமான லேண்ட் ரோவர், மலைத்தோட்டங்களுக்கென்றே செய்தது போன்ற வண்டி. ஆனால் அதில் தேயக்கூடிய இடங்கள் இரட்டிப்பு: முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஷாஃப்ட், தனித்தனி டிபரன்சல். தார் ரோட்டிலும் நான்கு சக்கர இழுவையில் ஓட்டினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவில் வெவ்வேறு தூரம் ஓடுவதால் அச்சுகள் முறுக்கேறும். அந்தப் பழைய லேண்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பொக்ஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. ஆகையால் தேய்ந்த லேண்ட் ரோவரைச் சரிவில் நிறுத்தினால், அது சற்று உருண்டு ‘டொக்’ என்று மோதிய பிறகே நிற்கும். ஓட்டிப் பார்க்காமலே கிடைக்கும் சாட்சி இது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை ஒஸ்டின்களையும் மொரிஸ் மைனர்களையும் பழைய லொறிகளையும் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியிருந்தது. சந்தேகத்தின் பேரில் ஒரு பாகத்தை மாற்றிப் பார்க்க வழியில்லாதபோது, பெட்டியைத் திறக்கும் முன்பே பழுது எங்கே என்று தெரிந்தாக வேண்டும். கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்துகொண்டார்கள். நோய் அறிவதுதான் கடினமான பாதி.

அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் ஒருமுறை மட்டும் கேட்டால் அது விசைத்தொடரின் ஆட்டம். குழியில் இறங்கும்போதெல்லாம் கேட்டால் ஸ்பிரிங் புஷ்ஷையோ ஷொக் அப்சோபரையோ பார்க்க வேண்டும். வேகத்தோடு உயரும் முனகல் என்றால் டிபரன்சலின் பேரிங்கோ பற்சக்கரமோ. ஓட்டிக் கேட்ட பின், சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கராஜ் மெக்கானிக்கான ‘பாஸ்’ வண்டியின் அடியில் படுப்பார். குரொஸின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து எதிரெதிராகத் திருகுவார். அங்கே அசைவு இருந்தால், மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தால், கிறீஸ் வற்றி ஊசி பேரிங் தேய்ந்திருக்கிறது. குரொஸ் இறுக்கமாக இருந்தும் ஷாஃப்ட் முழுவதும் சிறிது சுழன்று நின்றால் பார்வை டிபரன்சலுக்குப் போகும். தொழில் பழகாதவர் ஏமாறும் இடம் இதுதான். டிபரன்சல் வேகத்தை நான்கைந்து மடங்கு குறைத்தே சக்கரத்துக்குக் கொடுப்பதால், அரை அச்சின் பற்களில் உள்ள அற்ப ஆட்டம் ஷாஃப்ட்டில் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும். பற்சக்கரங்களுக்கு ஓரளவு இடைவெளி இயல்பாகவே வேண்டும். இல்லாவிட்டால் சூடேறிக் கெடும். கிழிந்த இயந்திர மவுண்டிங் ரப்பரும் இதே சத்தத்தைத் தரும் என்பதால், டிபரன்சலைத் திறக்குமுன் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

1977க்குப் பின் வந்த ஜப்பானியக் கார்களில் முன்சக்கர இழுவை பரவியதும் புரொப்பெலர் ஷாஃப்ட்டே இல்லாத வண்டிகள் பெருகின. அவற்றில் விசையைக் கடத்துவது, 1920களில் அல்பிரட் ரெப்பா வடிவமைத்த வகையைச் சேர்ந்த சீவி ஜொயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்தால், வளைவில் திரும்பும்போது ‘டக் டக்’ என்று தொடர்ந்து கேட்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது; இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் ஆயுளை மறுபடியும் கராஜ்களே நீட்டின. ஸ்கேனர் கருவி இயந்திரத்தின் மின்னணுப் பிழைகளைச் சொல்லும். குரொஸில் உள்ள ஆட்டத்தை அறிய அதற்கு உணர்கருவி இல்லை. அதற்கு இன்றும் காதும் கையும்தான்.