ராஜபாளையத்திலிருந்து ஆயர்பாடிக்கு

பன்னிரண்டு வயதில் நான் வரைந்த முதல் வரைபடம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நோட்டின் நடுப்பக்கம். வடக்கே பனிமலை, தெற்கே கடல், நடுவில் ஏழு கோபுரங்கள் வைத்த கோட்டை. பனியை நான் பார்த்ததே கிடையாது. அதை வரைந்த ராஜபாளையத்து மொட்டைமாடியில் நிமிர்ந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். ஊரை ஒட்டிய சஞ்சீவி மலை, அனுமன் தூக்கிக்கொண்டு பறந்த மலையிலிருந்து விழுந்த துண்டு என்று பாட்டி சொல்வாள். ஆகாயத்திலிருந்து விழுந்த மலை! அதுவும் பக்கத்திலேயே! என் வரைபடத்தில் அதற்கு இடமில்லை. ஃபேன்டஸி என்றால் வெளியூர்ச் சரக்கு என்று எனக்குள் யாரோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

யாரோ என்ன, காமிக்ஸ்தான். சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பிளக் பாயின்ட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் யோசிக்காத பையன் எங்கள் தெருவில் கிடையாது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. மாயாவி பிரிட்டிஷ்காரன். ஆனால் நாங்கள் வாசித்த லண்டன், பஸ்ஸில் போய் வரும் தூரத்திலிருந்த சிவகாசியில் அச்சாகி வந்த லண்டன். அப்புறம் டிவி கேம் வந்தது. மரியோவும் கான்ட்ராவும் வந்தன. எல்லாக் கதவுகளும் வெளியே பார்த்தே திறந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. பதினோரு நிலைக் கோபுரம் ஊருக்குள் நுழையும் முன்பே கண்ணில் பட்டுவிடும். சின்ன வயதில் அது எனக்குக் கோயில், பால்கோவா, கூட்டம், அவ்வளவுதான். ஆண்டாளை மார்கழி மைக்செட்டில் மட்டுமே தெரியும். நான்கைந்து கதைகள் எழுதி, எல்லாவற்றிலும் பனி பெய்ய வைத்து அலுத்துப்போன பிறகுதான் நாச்சியார் திருமொழியை உட்கார்ந்து படித்தேன்.

திருப்பாவை முப்பது பாட்டு. நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்று. என்னை நிறுத்தியது பக்தி அல்ல, விளையாட்டு. ஒரு பதிகம் முழுக்கச் சிறுமிகள் தெருவில் மணல்வீடு கட்டுகிறார்கள். முதுகு ஒடிய உட்கார்ந்து கட்டிய சிற்றிலைக் கலைக்க வருகிறவனிடம், வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள். இன்னொன்றில் கூடல் இழைக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைய வேண்டும். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து கூடினால் நினைத்தவன் வருவான். பகடை மாதிரிதான் இதுவும், பந்தயம் மட்டும் வேறு.

திருப்பாவையில் ஆட்டம் இன்னும் பெரிது. வைணவ உரை மரபு இதற்கு அநுகாரம் என்று பெயர் வைத்திருக்கிறது. வில்லிபுத்தூரை ஆயர்பாடியாக நினைத்துக்கொள்கிறாள். வடபத்ரசாயி கோயில் நந்தகோபன் வீடு. ஊர்ப் பெண்கள் ஆய்ச்சியர். தானும் ஒருத்தி. பாவனை முற்றி, அவளுக்கு இடைச்சியின் முடிப்பும் நடையும் பேச்சும் வந்துவிட்டன, உடம்பில் மொச்சை வாடைகூட வந்தது என்கிறார்கள் உரைகாரர்கள். எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு. பூந்தோட்டத்து வீட்டில் வளர்ந்த பெண். இன்றைக்கு ரோல்பிளே என்கிறோமே, அதன் முழு விதிமுறையும் இங்கே இருக்கிறது: இடம், பாத்திரம், கூட்டாளிகள், மார்கழி என்ற கால அளவு, நெய் உண்ணோம், மையிடோம் என்ற கட்டுப்பாடுகள்.

"இதெல்லாம் எதுக்கு? நிஜத்தைப் பத்தி எழுதக் கூடாதா?" என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர்கள் குறைவு. கற்பனை என்றால் தப்பித்து ஓடுவது என்று நானே பாதி நம்பியிருந்தேன். ஆண்டாள் எங்கே தப்பித்தாள்? நிஜத்தில் அவள் முன்னால் இருந்தது ஒரே கதவு, கல்யாணம். மனிதருக்கு என்னைப் பேசினால் வாழ மாட்டேன் என்று நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்திலேயே சொல்லிவிடுகிறாள். அந்த மறுப்பைச் சொல்ல அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஊரில் அப்படி ஓர் இடம் இல்லை, ஊர்மேலேயே இன்னொரு ஊரைக் கட்டினாள். விளையாட்டு முடிந்து வீடு திரும்பவும் இல்லை. திருவரங்கத்தில் அரங்கனோடு கலந்தாள் என்பது மரபு. நாம் சேவ் பண்ணிவிட்டு எழுந்து சாப்பிடப் போகிறவர்கள். அந்த வித்தியாசம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

அவள் கட்டிய ஊருக்குள் பிறகு ஒரு பேரரசர் வந்தார். 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், ஆண்டாள் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்று காவியமாக்கினார். சூடிக் கொடுத்தவள் என்று பொருள். கலிங்கப் படையெடுப்பின்போது ஆந்திர விஷ்ணு கனவில் வந்து எழுதச் சொன்னதாக நூலே சொல்கிறது. அதில் பிரம்மராட்சசன் வரும் கதையும் உண்டு. எனக்குப் பிடித்தது வில்லிபுத்தூர் வர்ணனைதான். விடிகாலை வாய்க்காலில் வாத்துகள் சிறகுக்குள் தலையைச் செருகித் தூங்குகின்றன. குளித்துவிட்டுப் போன அந்தணர்கள் மறந்துவிட்ட வேட்டிகள் என்று நினைத்த காவலாட்கள், எடுத்துக் கொடுக்கலாமென்று தண்ணீரில் இறங்க, வேட்டிகள் பறந்துவிடுகின்றன. வயல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். போருக்கு நடுவில் ஓர் அரசனுக்கு வந்த கற்பனை இது.

தெலுங்கு இந்தப் பக்கத்துக்கு அந்நியமும் அல்ல. பல தலைமுறைகளுக்கு முன் ஆந்திரத்திலிருந்து வந்து ராஜபாளையத்தில் குடியேறிய ராஜுக்கள் இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். சின்ன வயதில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் கேட்ட மொழியில்தான் நம்ம ஊரைப் பற்றிய பெரிய ஃபேன்டஸி எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதைத் தெரிந்துகொள்ள முப்பது வயது ஆனது.

வெளியூர்ச் சரக்கு விஷயத்துக்கும் ஒரு திருப்பம் இருக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவு தூங்காமலிருக்கப் பரமபதம் ஆடுவோம். பாம்பு கடித்தால் கீழே, ஏணி ஏறினால் மேலே, கடைசிக் கட்டம் வைகுண்டம். இந்த வகை இந்திய ஆட்டம்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அங்கே வைகுண்டம் கழன்று, வெறும் நூறாம் எண் ஆகித் திரும்பி வந்தது. அதை அட்டைப்பெட்டியில் பிறந்தநாள் பரிசாக வாங்கி, இங்கிலீஷ் கேம் என்று பெருமைப்பட்டவன் நான்.

போன மார்கழியில் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கடைத்தெரு முழுக்கப் பால் காயும் வாசனை. 2019இல் இந்த ஊர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இடைச்சியாக வேண்டும் என்று ஒருத்தி பாவனை செய்த தெருக்களில், ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, பாலால் பிழைக்கிறது ஊர். அவளுக்கும் இதற்கும் சம்பந்தம் ஒன்றுமில்லைதான். வாசனை அப்படி நினைக்க வைக்கிறது.

கால் கிலோ வாங்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். பனிமலையை அழிக்கவில்லை, பன்னிரண்டு வயதில் கட்டிய மணல்வீடு அது, கலைக்க மனசு வரவில்லை. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் மட்டும் வரைந்தேன். அதில் நான்கைந்து வேட்டிகள்.