நிறைநிறமாலை நூலகம்: நீரில் பெயர் தெரியாத மாசுகளை அறிதல்

நிறைநிறமாலை நூலகம் என்பது, வேதிப்பொருள்களை முன்கூட்டியே அளந்து அவற்றின் நிறமாலைகளைப் பதிந்து வைத்த தொகுப்பு. மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து உடைத்து, துண்டுகளின் நிறையை நிறமாலைக் கோடுகளாக வரைந்து காட்டுகிறது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி. தண்ணீரில் கிடைத்த கோடுகள் தொகுப்பிலுள்ள எந்தப் பொருளோடு பொருந்துகின்றன என்று தேடினால் பெயர் கிடைக்கும். தொகுப்பில் இல்லாத பொருளுக்கு அந்தத் தேடலில் பெயர் கிடைக்காது.

இத்தகைய தேடலின் தேவையை ஓர் உள்ளூர் உதாரணத்தில் காணலாம். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. சாரல் காலத்தில் அருவிகளில் குளிப்போரின் எண்ணெயும் சோப்பும் இதில்தான் இறங்கின. அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த 2014இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அதற்கு முன்பே, காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளின் நீரை ஆராய்ந்த பாரதிதாசன் பல்கலைக்கழகக் குழுவின் முடிவுகள் 2011இல் வெளியாகியிருந்தன. சோப்பிலும் பற்பசையிலும் கிருமிக்கொல்லியாகச் சேர்க்கப்பட்ட ட்ரைக்ளோசான், தாமிரபரணியில் லிட்டருக்கு 5,160 நானோகிராம் வரை இருந்தது. அந்த அளவுக்குக் குற்றாலக் குளியலைக் குற்றம் சொல்ல முடியாது. ஆற்றங்கரையில் ஊர்கள் ஏராளம். கவனிக்க வேண்டியது வேறு: ட்ரைக்ளோசான், கார்பமசெபின், பாரபென் என்று பெயர் சொல்லித் தேடிய ஆய்வு அது. தேடாத பொருள் அந்த அறிக்கையில் இடம்பெற வழியில்லை.

தேடாததையும் காணும் முயற்சி 1970களில் வேகம் பெற்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் தேசிய நலவாழ்வு நிறுவனமும் சேர்ந்து திரட்டிய 25,000க்கும் மேற்பட்ட நிறமாலைகள் 1978இல் அச்சாயின. அவை எளிதில் ஆவியாகும் பொருள்களுக்கு உரியவை. எல்லா ஆய்வகங்களும் 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலேயே உடைத்ததால், ஓரிடத்தில் எடுத்த நிறமாலை இன்னோரிடத்திலும் பயன்பட்டது. நீரில் நன்கு கரையும் மருந்துகளுக்கு வேதியியலாளர் ஜான் ஃபென்னின் மின்தெளிப்பு முறை வந்தபோது அந்த வசதி போயிற்று. கருவிக்குக் கருவி, மோதல் ஆற்றலுக்கு ஆற்றல் கோடுகள் மாறின. ஒரே பொருளைப் பல நிலைகளில் அளந்து சேர்க்க ஓர் ஆய்வகத்தால் ஆகாது.

ஜப்பானில் 2006இல் தொடங்கிய மாஸ்பேங்க், யாரும் பதிவு சேர்க்கலாம், யாரும் எடுக்கலாம் என்ற பொதுக் களஞ்சியம். ஐரோப்பாவின் நார்மன் வலையமைப்பு நீர் மாசுகளுக்காக அதைக் கைக்கொண்டது. மாஸ்பேங்கின் ஐரோப்பியப் பிரிவு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இயங்குகிறது. பொருத்தம் கிடைத்தாலே பெயர் உறுதி என்ற அவசரத்துக்கு ஆய்வாளர் எம்மா ஷிமான்ஸ்கியின் குழு 2014இல் கடிவாளம் போட்டது. அவர்கள் வகுத்த ஐந்து நிலைகளில், தூய மாதிரியை அதே கருவியில் அளந்து ஒப்பிட்டால் மட்டுமே முதல் நிலை. நூலகப் பொருத்தம் இரண்டாம் நிலைதான்.

நூலகத்தின் வரம்பை அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகள் காட்டின. மழை பெய்தால் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. நூலகத் தேடலில் கொலையாளி சிக்கவில்லை. டயர் ரப்பரைக் காக்கச் சேர்க்கும் 6பிபிடி, ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் குயினோன் அது என்று 2020இல் தெரிந்தது. பெயர் வெளியானபின், சேமித்து வைத்த பழைய அளவீடுகளைத் திறந்தே அதைத் தேட முடிகிறது. புதிதாகத் தண்ணீர் எடுக்க வேண்டியதில்லை.

ஐரோப்பியர் சேர்த்த பதிவுகளில் ஐரோப்பாவின் மருந்தும் பூச்சிக்கொல்லியுமே முந்தி நிற்பது இயல்பு. சீசனில் வண்டி நெரியும் குற்றாலம் சாலையின் டயர்த்தூளும், இப்பகுதி வயல்களில் தெளிக்கும் மருந்துகளும் சிதைந்து என்னவாகின்றன என்பதை அறிய இங்கேயே தூய மாதிரிகளை அளந்து, பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். சிற்றாற்று நீரின் அளவீட்டுக் கோப்புகளைத் திறந்த வடிவில் சேமித்து வைத்தால், அந்தப் பதிவுகள் வந்தபின் மறுபடி தேடலாம்.