கடைப் படி

அந்தக் காலத்தில் சோலூரில் மளிகைக் கடைக்கு உள்ளே யாரும் போவதில்லை. வாசலில் நின்று சீட்டை நீட்டுவோம். கடைக்காரர் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். போலியோவால் கால் சூம்பிய என் நண்பரும் அப்படியே வாங்கினார். அவருக்கும் எனக்கும் அதில் வித்தியாசம் இருந்ததில்லை. நாமே உள்ளே போய் எடுத்துக்கொள்ளும் கடைகள் வந்தபோதுதான் வாசலில் படி இருப்பதே கண்ணில் பட்டது. இப்போது அவர் சக்கர நாற்காலியில் ரோட்டோரம் இருந்துகொண்டு பேரனை அனுப்புகிறார். "அவன் எடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த சோப்பு" என்று சிரிக்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேண்டும் என்றது. கூடவே, 'பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு' என்றும் ஒரு வரி. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்த வரியின் பொருள் தெரியும்: கோப்பு தூங்கும்.

2016-இல் வந்த புதிய சட்டம் மக்கள் வந்துபோகும் தனியார் வணிகக் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றது. ஆனால் 2017-இல் எழுதிய விதிகளில் 15-ஆவது விதி வெறும் யோசனையாகவே நின்றது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்கச் சொன்னது. இடையில் போனது 19 வருஷம்!

பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆனதால் பிரான்ஸையும் எட்டிப் பார்த்தேன். அங்கே 2005 பிப்ரவரி 11-ஆம் தேதிச் சட்டம் கடைகளுக்கு 10 வருஷம் தவணை தந்தது. தவணை முடியும் நேரத்தில், 2014-இல், நீட்டிப்பு! நம் அலுவலகம் போலத்தான்.

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சரிவு 1-க்கு 12 இருக்க வேண்டும் என்பது கணக்கு. அரை அடிப் படிக்கு 6 அடி. நம் மலை ஊரில் வீதியே சரிவு, நடுவில் சாக்கடை வேறு. சிமெண்டில் கட்டினால் பஸ் சக்கரத்தின் கீழேதான் போய் முடியும். பிரான்ஸில் பழைய கடைகளுக்கு, எடுத்து வைக்கும் பலகையும் அழைப்பு மணியும் போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

இதை எங்கள் கடைக்காரரிடம் சொன்னேன். "மணி எதுக்குங்க, கூப்பிட்டா கேக்கும்" என்றார். பலகைக்கு அளவு எடுத்திருக்கிறார். படி 7 அங்குலம்.