தலைநகரின் வடகரை



தலைநகரம் ஒன்றின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் அரண்மனை வாயிலிலிருந்து தொடங்குவது வழக்கம். கோட்டை எப்போது எழுந்தது, யார் அதைப் பிடித்தார், யாரிடம் இழந்தார் என்ற வரிசையிலேயே பாடநூல்கள் நடக்கின்றன. திருவொற்றியூரில் பல ஆண்டுகள் ஆசிரியப் பணி செய்த நானும் அவ்வாறே கற்பித்தவன்தான். ஒரு நாள் எட்டாம் வகுப்பில் சென்னையின் வரலாற்றை நடத்தி முடித்தேன். புனித ஜார்ஜ் கோட்டையும், ஆர்க்காட்டு நவாபும், கிளைவும் வரிசையாக வந்து போயினர். கடைசி வரிசையிலிருந்து காசிமேட்டு மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்கள் தெரு இதில் எங்கே வருகிறது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, விடையும் வரவில்லை. அன்று அவனுக்குச் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்ல முயல்கிறேன்.

விடை தேடுமுன் ஜப்பான் வரை ஒருமுறை சென்று வருவோம். தலைநகரை இடம் மாற்றி மாற்றி அமைத்த நாடு அது. ஆகவே, ஒரு தலைநகரம் எப்படி உருவாகிறது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம். 710இல் நாரா தலைநகராயிற்று. 794இல் கியோத்தோ தலைநகராயிற்று. சீனத்துச் சாங்கான் நகரை முன்மாதிரியாகக் கொண்டு, சதுரங்கப் பலகைபோல் வீதிகளை வகுத்துக் கட்டிய நகரங்கள் அவை. வடக்கே அரண்மனை, அதில் தெற்கு நோக்கி அமர்ந்திருப்பார் பேரரசர். 1603இல் தொக்குகாவா மரபினர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது பேரரசர் கியோத்தோவிலேயே இருந்தார். அதிகாரமோ எதோ என்னும் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தது. 1868இல் அந்த எதோவே டோக்கியோ என்று பெயர் மாறியது. 'கிழக்குத் தலைநகர்' என்பது அப்பெயரின் பொருள்.

எதோவின் அமைப்பை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கோட்டைக்கு மேற்கே இருந்த மேட்டு நிலங்களில் பெருங்குடியினர் வாழ்ந்தனர். கிழக்கே, கடலையும் சுமிதா ஆற்றையும் ஒட்டிய தாழ்ந்த நிலங்களில் வணிகரும் தச்சரும் மீனவரும் சுமைதூக்குவோரும் நெருங்கி வாழ்ந்தனர். 18ஆம் நூற்றாண்டில் அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம். அத்தனை பேர் வாழும் ஊரின் குப்பை எங்கே போகும்? 1655இலேயே அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நகரின் கால்வாய்களில் குப்பை கொட்டலாகாது. படகில் ஏற்றிச் சுமிதா ஆற்றின் முகத்துவாரத்தருகே எய்தாய் என்னும் இடத்தில் கொட்ட வேண்டும் என்பது அவ்வாணை. கோட்டையின் கண்ணுக்கு எட்டாத இடம் அது. தலைநகரம் தன் ஒளியை ஒரு திசையிலும் தன் சுமையை மற்றொரு திசையிலும் வைக்கிறது என்ற உண்மையை இங்கே காண்கிறோம்.

இந்த உண்மையை மனத்தில் கொண்டு சென்னைக்குத் திரும்புவோம். சென்னைக்கு வடக்கே உள்ள திருவொற்றியூர், சென்னையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த தலம் அது. பட்டினத்தார் அடங்கிய தலமும் அதுவே. அங்குள்ள கோயில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கற்றளியாக எழுந்தது. ஆகவே, வடகரை வரலாறற்ற கரையன்று. 1639இல் ஆங்கிலேயர் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கிய பின்னரே, மூத்த ஊர் இளைய நகரின் புறநகராக மாறும் நிலை தோன்றியது.

கோட்டைக்கு வடக்கே, மதிலை ஒட்டியே, நம்மவர் வாழ்ந்த கறுப்பர் பட்டணம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர்; 1749இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டையைக் காக்க வேண்டுமானால் அதைச் சுற்றி வெட்டவெளி வேண்டும் என்று கருதிப் பழைய பட்டணத்தை அகற்றினர். மக்கள் மேலும் வடக்கே தள்ளப்பட்டனர். முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் புதிய பட்டணமாயின. ஐதர் அலியின் படையெடுப்புக்குப் பின் அப்பட்டணத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. அம்மதிலின் செலவுக்கு வரி விதிக்க எண்ணியதன் நினைவே இன்றைய வால்டாக்ஸ் சாலையின் பெயர். மதிலின் ஒரு பகுதியை இன்றும் பழைய சிறைச்சாலைச் சாலையருகே காணலாம். அம்மதிலுக்கும் வடக்கே, வெளியே கிடந்தது இராயபுரம்.

அங்கே வாழ்ந்தவர்கள் யார்? அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியே அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே, பொங்கும் அலைகளைக் கடந்து ஆளையும் பண்டத்தையும் கரை சேர்க்கும். ஆளுநராயினும் சரி, அவர் அருந்தும் மதுப்புட்டியாயினும் சரி, படகோட்டிகளின் கைவழியாகவே இந்நகரில் கால் வைக்க முடியும். அவர்களுள் பலர் கிறித்தவர்கள். பேதுருவைத் தமிழில் இராயப்பர் என்பர். இராயப்பரின் பெயரே இராயபுரத்துக்கு அமைந்தது. சென்னையைத் தலைநகராக்கிய பெருமையில் அவர்களுக்கும் பங்குண்டு. பாடநூலில் மட்டும் அப்பங்கு கிடைக்கவில்லை.

1856ஆம் ஆண்டில் இராயபுரம் ஒரு பெருமையைப் பெற்றது. தென்னிந்தியாவின் முதல் ரெயில் வண்டி இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. ஜப்பானில் டோக்கியோவின் சிம்பாசிக்கும் யோக்கோகாமாவுக்கும் இடையே முதல் ரெயில் பாதை திறக்கப்பட்டது 1872இல்தான். 16 ஆண்டுகள் முந்தியது நம் இராயபுரம்! ஆனால் 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்ததும் பயணிகளின் கூட்டம் மெல்ல அங்கே திரும்பியது. வடகரைக்கு எஞ்சியவை சரக்கு வண்டிகளும் கிடங்குகளுமே.

அடுத்து வந்தது துறைமுகம். 1875இல் பணி தொடங்கிற்று. 1881 நவம்பரில் அடித்த புயல் அலைதாங்கிச் சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். இதன் விளைவை நீங்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். நம் கரையோரமாக அலைகள் ஆண்டுதோறும் பெருமளவு மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. கடலுக்குள் நீண்ட சுவர் அம்மணலை வழிமறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றது; 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்ட கரை அதுவே. வடக்கே வர வேண்டிய மணல் வராமையால், கடல் கரையை அரித்துத் தின்னத் தொடங்கியது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மீனவர் குடில்களும் தெருக்களும் கடலுக்கு இரையாயின. இன்று அங்கே மணற்கரைக்குப் பதில் கருங்கற் குவியல்களைக் காண்கிறீர்கள். ஒரே சுவர், தெற்குக்கு உலாவிடம், வடக்குக்கு அரிப்பு! மெரினாவில் காற்று வாங்குவோருள் எத்தனை பேர் இதை அறிவர்?

விடுதலைக்குப் பின் தொழிற்சாலைகள் வந்தன. எண்ணூரில் 1948இல் மோட்டார் வண்டித் தொழிற்சாலையும், 1955இல் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் தோன்றின. மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையம் எழுந்தது. இவற்றை நான் குறை கூறேன். என் மாணவர் பலரின் இல்லங்களில் அடுப்பு எரிந்தது இவற்றின் ஊதியத்தால்தான். ஆனால் ஊதியத்தோடு சாம்பலும் வந்தது. சென்னைத் துறைமுகத்து நிலக்கரித் தூசியைக் குறித்து எழுந்த முறையீட்டின்பேரில், 2011இல் உயர் நீதிமன்ற ஆணைப்படி நிலக்கரி அங்கிருந்து அகன்றது. அகன்று எங்கே சென்றது? இன்னும் வடக்கே, எண்ணூருக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது, எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடித்து வாழ்வோரின் வலைகளும் படகுகளும் கருமை பூசிக்கொண்டன.

இது மாற்ற முடியாத விதியா? இங்கே மீண்டும் டோக்கியோவை நோக்குவோம். சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே உள்ள கோத்தோ வட்டத்தின் தலையில்தான் அந்நகரம் தன் குப்பையைத் தொடர்ந்து கொட்டி வந்தது. அங்கே குப்பையால் எழுந்த நிலம் ஒன்றுக்குக் 'கனவுத் தீவு' என்று பெயர். 1965இல் அங்கிருந்து கிளம்பிய ஈக்கூட்டத்தால் மக்கள் பெரிதும் வருந்தினர். மேற்கே வசதியாக வாழ்ந்த சுகினாமி வட்டத்தாரோ, தம் பகுதியில் குப்பை எரியுலை கட்ட இடந்தரவில்லை. 1971இல் டோக்கியோவின் ஆளுநர் மினோபே 'குப்பைப் போர்' என்று வெளிப்படையாக அறிவித்தார். கோத்தோ வட்டத்தார் சுகினாமியின் குப்பை வண்டிகளை வழிமறித்தனர். "உங்கள் குப்பையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?" என்பதே அவர்கள் கேட்ட கேள்வியின் சாரம். நெடிய வழக்காடலுக்குப் பின் சுகினாமியிலும் எரியுலை எழுந்தது. தன் வட்டத்துக் குப்பைக்குத் தன் வட்டமே பொறுப்பு என்ற கொள்கை நிலைபெற்றது. 300 ஆண்டுப் பழக்கத்தைச் சாதாரணக் குடிமக்கள் எழுப்பிய ஒரு கேள்வி அசைத்துவிட்டது.

மாணவர்களே, அந்தக் காசிமேட்டு மாணவன் கேட்டதும் அதே இனத்துக் கேள்விதான் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். அவன் தெரு வரலாற்றின் எல்லா ஏட்டிலும் வருகிறது. கோட்டைக்கு வந்த ஒவ்வொரு பண்டத்திலும், மெரினாவின் ஒவ்வொரு பிடி மணலிலும், நம் வீட்டில் எரியும் விளக்கிலும் அத்தெரு இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் இராயபுரம் நிலையத்தின் தூண்களைப் பாருங்கள். பிறகு கடற்கரைச் சாலை வழியே எண்ணூர் வரை செல்லுங்கள். நம் தலைநகரம் எதை எங்கே வைத்தது என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே செல்லுங்கள். அதன் வரலாறு உங்களுக்கு விளங்கும். அதன் எதிர்காலத்தைத் திருத்தும் பொறுப்பு உங்கள் தலைமுறையினுடையது என்பதும் விளங்கும்.