கொல்லங்கோடு முதல் பெட்டிமுடி வரை: வானிலிருந்து பார்த்தலின் வரலாறு

பூமியை விண்ணிலிருந்து நேரலையாகக் காட்டுவோம் என்னும் வாக்குறுதியுடன் புத்தொழில் நிறுவனங்கள் புறப்படுவது புதிதன்று. கனடாவின் அர்த்காஸ்ட் 2014-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் கேமராக்களைப் பொருத்தியது. 2020-இல் கடன்சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. இடர்ப்பாடு இயற்பியலிலும் உண்டு. சுமார் 400 கி.மீ. உயரத்தில் விரையும் கேமரா ஓரிடத்தைச் சில நிமிடங்களே காணும், 36,000 கி.மீ. உயரத்தில் ஓரிடத்தையே நோக்கி நிற்பது நுண்மையாகக் காணாது.

இந்தியத் தொலையுணர்வின் தந்தை எனப்படும் பி. ஆர். பிஷாரட்டி, பாலக்காட்டுக் கொல்லங்கோட்டில் 1909-இல் பிறந்தவர். 1970-இல் கேரளத் தென்னையின் வேர்வாடல் நோயைக் கண்டறிய, அவர் தலைமையில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படங்கள் எடுக்கப்பட்டன. அங்கே கேள்வி தோப்பில் பிறந்தது; கருவி அதைத் தேடி வந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டப் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றிருந்தமையால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. மழைமேகத்தை ஒளிக்கேமரா ஊடுருவாது, ரேடார் ஊடுருவும். ஆயினும் அவ்விரவில் லயங்களுக்கு முதலில் வேண்டியிருந்தவை முன்னெச்சரிக்கையும் இயங்கும் கைப்பேசிக் கோபுரமுமே. தொலையுணர்வின் வரலாற்றை ஆராய்வோர், எடுத்த படங்களோடு அவை எவரைச் சென்றடைந்தன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.