செஞ்சிச் சாலையும் ஆயில் ஒழுகலும்

செஞ்சியின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பீரங்கிச் சத்தம் ஓய்ந்ததும் பேனாவை மூடிவிட்டார்கள். 1943-ல் சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரி வெளியிட்ட விரிவான ஆங்கில நூலும் ஆட்சிகளின் வரிசையாகவே நகர்கிறது. 1677-ல் சிவாஜி, 1698-ல் சுல்பிகார் கான், 1714-ல் மாண்ட தேசிங்கு ராஜன், 1750-ல் பிரெஞ்சுப் படை, 1761-ல் ஆங்கிலேயர். அதற்கப்புறம் ஊரில் எதுவுமே நடக்காததுபோல ஒரு தோற்றம். நடந்ததெல்லாம் சாலையில் நடந்தது. கோட்டை மலைகளுக்கு நடுவே புகுந்து திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலைதான் பிற்காலச் செஞ்சிக்குப் பிழைப்பு. ரயில் இந்த ஊரை எட்டவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நெல் மூட்டையும், பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிற கூட்டமும், அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டமும் டயரை நம்பியே நகர்ந்தன. இப்படிப்பட்ட சாலை ஊர்களின் பட்டறைகளில் ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஒரு தனித் திறமை விளைந்தது: எஞ்சினிலிருந்து ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது. ஒழுகலை அடைப்பது அதில் சின்னப் பகுதி, கண்டுபிடிப்பதுதான் தொழில். அந்தத் தொழில் வளர்ந்ததற்கு மெக்கானிக்குகளின் கைராசி காரணமல்ல, ஒரே எஞ்சின் தலைமுறைக் கணக்கில் மாறாமல் ஓடியதுதான் காரணம் என்பது என் வாதம்.

1953-ல் சுங்கவரி ஆணையம் தந்த அறிக்கைக்குப் பிறகு, பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்கிற கம்பெனிகளுக்கு இந்தியாவில் இடமில்லாமல் போனது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பின. மிஞ்சியவை கல்கத்தா பக்கம் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு. இவற்றில் நம் பக்கம் வாடகைக் கார் என்றாலே இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர்தான் என்று ஆனது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி ஐம்பதுகளின் கடைசியில் வந்த அந்தக் காருக்குச் சில ஆண்டுகளிலேயே 1489 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சினின் பின்புறத்தில், கிராங்க் ஷாஃப்ட் பிளைவீலைச் சேருமிடத்தில், ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஷாஃப்டின் மேலேயே மரை மாதிரி ஒரு வரி வெட்டியிருப்பார்கள். எஞ்சின் சுற்றும்போது அந்த மரை வெளியே வரப்பார்க்கும் ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். சுற்றாதபோது தள்ள ஆளில்லை. அதனால் ஓடும்போது ஒழுங்காக இருந்த வண்டி, நிறுத்திவைத்த இடத்தில் சொட்டும். பேரிங் தேய்ந்து கிராங்க் இம்மியளவு இறங்கினால் மரைக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் இடைவெளி கூடிவிடும். அப்புறம் ஓடும்போதும் ஒழுகும். ஆக, அந்த வண்டி ஒழுகியது ஓட்டுநரின் அலட்சியத்தால் அல்ல, வரைபடத்திலேயே ஒழுகல் இருந்தது. இதே குடும்பத்து எஞ்சினுக்கு இங்கிலாந்தில் 1964-லேயே ஐந்து பேரிங் கிராங்கும் பின்புறத்தில் ரப்பர் சீலும் வந்துவிட்டன. நம் சாலைகளில் மூன்று பேரிங் எஞ்சின் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஓடியது.

பின்சீலே இல்லாத வண்டியில் எல்லா ஒழுகலும் பின்பக்கத்து ஒழுகலாகத்தான் தெரியும். மேலே டேப்பட் கவரில் கசிகிற ஆயில் பிளாக் வழியே இறங்கும், ஃபேன் காற்று அதைப் பின்னால் விரட்டும், கடைசியில் பெல் ஹவுசிங் அடியில் உள்ள துவாரத்தில் வந்து சொட்டும். பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கவர்களின் கார்க் பேக்கிங் கசிந்தாலும் அதே இடம். இதில் ஏமாந்தவர் கியர்பாக்ஸை இறக்குவார், கிளட்சைக் கழற்றுவார், இரண்டு நாள் கூலி வாங்குவார். வண்டி மறுபடி ஒழுகும். தேர்ந்தவர் முதலில் எதையும் கழற்ற மாட்டார். எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வேஸ்ட் துணியால் துடைத்து, காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகப்பவுடரோ சாக்கட்டித் தூளோ தூவி, வண்டியைச் சூடாகும்வரை ஓடவிடுவார். வெள்ளைப் பூச்சில் எங்கே முதல் கறுப்புக் கோடு இறங்குகிறதோ அங்கேதான் வேலை. ரயில்வே பட்டறைகளில் அச்சுகளில் விரிசல் பார்க்க எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணப்பொடி பூசிக் காத்திருந்த பழைய முறைக்கும் இதற்கும் தர்க்கம் ஒன்றே: கண்ணுக்குத் தெரியாத வழியை எண்ணெயே வந்து காட்டிக்கொடுக்கட்டும். சொட்டுவது எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலா என்பதற்கு விரலும் மூக்கும் போதும். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை அடிக்கும்.

அடைக்கும் வேலையிலும் நுணுக்கம் இருந்தது. ஒழுகுகிறதே என்று போல்ட்டை இறுக்கி இறுக்கி, தகட்டுக் கவரில் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். அதன்மேல் எத்தனை புதுப் பேக்கிங் வைத்தாலும் வீண். முதலில் கவரைத் தண்டவாளத் துண்டின்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்த வேண்டும். கடையில் கிடந்து சுருங்கிப்போன கார்க்கை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் மறுநாள் ஓட்டைக்கு ஓட்டை சரியாக உட்காரும். பேக்கிங்கே கிடைக்காத பாகத்துக்குப் பேப்பர் ஷீட்டை அந்தப் பாகத்தின்மேலேயே விரித்து, விளிம்பில் உருண்டைத்தலைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போவார்கள். இரும்பின் ஓரமே பேப்பரை வெட்டித் தரும்.

இதையெல்லாம் திறமை என்று கொண்டாடுவது மிகை, ஷெல்லாக், பின்னால் வந்த அனபாண்ட் போன்ற பசைகளை அப்பி அனுப்பியவர்கள்தான் அதிகம் என்று ஒருவர் சொல்லலாம். அப்பியவர்கள் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. அளவுக்கு மீறி அப்பிய பசை உள்ளே பிதுங்கி, ஆயில் சேம்பரில் விழுந்து, பம்ப்பின் சல்லடையை அடைத்து எஞ்சினையே சீஸ் ஆக்கியதும் உண்டு. ஆனால் தொழிலின் தரத்தை அதன் சோம்பேறிகளை வைத்து அளப்பது சரியல்ல. தேர்ந்தவரையும் அப்புகிறவரையும் பிரித்துக் காட்டிய கேள்வி ஒன்று உண்டு: பிரீத்தர் திறந்திருக்கிறதா? பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி எஞ்சினுக்குள் அழுத்தம் ஏற்றும். அந்த வாயு வெளியேறும் குழாயான பிரீத்தர் கசடு அடைத்துக் கிடந்தால், அழுத்தம் இளைத்த இடம் பார்த்து ஆயிலைத் தள்ளும். பேக்கிங்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆயில் மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டுப் புகை எப்படி அடிக்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்: பிரீத்தரைக் கழுவினால் போதுமா, ரிங் மாற்றி ஓவர்ஹால் செய்ய வேண்டுமா என்பது. நோய் வேறு, நோய் தெரியும் இடம் வேறு என்ற இந்த அறிவு எந்த டியூபிலும் அடைத்து விற்பதல்ல.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மாறாத எஞ்சினைப் புகழ்வது, புதுக் கம்பெனிகளை உள்ளே விடாத லைசென்ஸ் காலத்தைப் புகழ்வதுதானே? இருபது ஆண்டுக்கு முன்பே வேறொரு நாட்டில் தீர்ந்துபோன குறையை இங்கே காசு கொடுத்து வாங்கினோமே? உண்மை. தொழிற்சாலை செய்திருக்க வேண்டிய திருத்தத்தைச் சாலையோரப் பட்டறை தவணை முறையில் செய்தது. அந்தச் செலவு கார்க்காரர் தலையில் விழுந்தது. போட்டி இல்லாத சந்தையின் விலை அது. ஆனால் ஒரு ஏற்பாடு கெட்டது என்பதாலேயே அதற்குள் விளைந்த அறிவும் கெட்டதாகிவிடாது. ஆண்டுக்கொரு மாடல் மாறியிருந்தால், பள்ளிப் படிப்பு நின்றுபோய் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்க வந்த பையன், அதே எஞ்சினை ஆயிரம் தடவை பார்த்து ஒழுகலின் போக்கை மனப்பாடம் செய்திருக்க முடியாது. எழுதிவைத்த பாடம் ஏதுமில்லை. எஞ்சின் மாறாமல் இருந்ததே பாடப்புத்தகம். அதற்காக லைசென்ஸ் காலத்துக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இப்போதைய கார்களில் முன்னும் பின்னும் நல்ல ரப்பர் சீல்கள், அடியில் பிளாஸ்டிக் தட்டு. சொட்டுவது தரையில் விழாமல் தட்டிலேயே தேங்கிவிடுவதால் ஒழுகல் பல மாதம் தெரியாமலே போகிறது. சாக்கட்டித் தூளின் இடத்தில் ஆயிலில் கலக்கிற சாயமும் புற ஊதா விளக்கும் வந்திருக்கின்றன. பழைய ஆட்களின் கணக்கு இனி செல்லாது என்கிறார்கள். ஆனால் பிரீத்தர் போகவில்லை, பி.சி.வி. வால்வு என்ற பெயரில், புகையை வெளியே விடாமல் எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் சின்ன உறுப்பாக மாறியிருக்கிறது. அது அடைத்துக்கொண்டாலும் அழுத்தம் ஏறி, பின்சீல் கசியும். கியர்பாக்ஸை இறக்கிப் புதுச் சீல் போட்டு அனுப்பிய கார், வால்வை யாரும் பார்க்காததால், அதே இடத்தில் மறுபடி ஒழுகிக்கொண்டு திரும்பி வருகிறது.